மூன்று கிளவுட், ஒரே திருடன்: ஒத்திகைத் தாக்குதல் நடத்துவது எப்படி

மூன்று கிளவுட், அதாவது வாடகைக்கு எடுக்கும் கணினிச் சேவை, வேண்டும் என்று திட்டம் போட்டு வாங்கிய நிறுவனத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. அது தானாக வந்து சேரும். நான் வேலை பார்ப்பது ஜூரோங் பக்கம் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில். முன்பதிவுச் செயலி அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் பிறந்தது. அலுவலகத்துக்கு மைக்ரோசாஃப்ட் 365 வாங்கியபோது கூடவே ஊழியர் உள்நுழைவைக் கவனிக்கும் என்ட்ரா ஐடியும், மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரும் வந்தன. அப்புறம் தரவுப் பிரிவினர் கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து கூகுள் கிளவுடுக்குள் போனார்கள். இப்போது மூன்றுக்கும் சேர்த்துக் காவல் காப்பது எங்கள் சின்ன அணியின் வேலை.

மூன்றிலும் தனித்தனியாகப் பாதுகாப்பு டாஷ்போர்டு உண்டு, மதிப்பெண் உண்டு. அந்த மதிப்பெண்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. அமைப்புகள் விதிப்படி இருக்கின்றனவா என்று அவை சொல்லும். ஒருவன் உள்ளே வந்தால் நமக்குத் தெரியுமா, தெரிந்தபின் அவனை வெளியே தள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்பதைச் சொல்லாது. அதற்கு நாமே நம்மை அடித்துப் பார்க்க வேண்டும். ஒரு சின்ன அணி, தனிப்பட்ட பட்ஜெட் எதுவும் இல்லாமல் இதை எப்படிச் செய்யலாம் என்பதுதான் இங்கே எழுதியிருப்பது. வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு விதிகள் இன்னும் கடுமை. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் 2021 தொழில்நுட்ப அபாய வழிகாட்டி, இணையத்திலிருந்து நேரடியாக எட்டக்கூடிய அமைப்புகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஊடுருவிச் சோதிக்கச் சொல்கிறது. வங்கிகள் சங்கம் 2018இலேயே ஒத்திகைத் தாக்குதலுக்கென்று தனி வழிகாட்டி வெளியிட்டது. எங்களைப் போன்ற சரக்கு நிறுவனத்தை யாரும் கழுத்தைப் பிடித்துக் கேட்பதில்லை. ஆகவே நாமே ஆரம்பிக்க வேண்டியதுதான்.

முதலில் காகிதம்

விசைப்பலகையைத் தொடும் முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இது மரியாதைக்காக அல்ல. சிங்கப்பூரின் கம்ப்யூட்டர் மிஸ்யூஸ் சட்டப்படி, அனுமதியில்லாமல் ஒரு கணினிக்குள் நுழைந்தால் முதல் குற்றத்துக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 'நம்ம கம்பெனிதானே' என்று நீங்கள் நினைக்கலாம். உங்களுக்கு அனுமதி தந்ததாக உங்கள் மேலாளரும் அதே மாதிரி நினைக்க வேண்டும், அதுவும் ஏதாவது கோளாறான பிறகு.

வெளியாளை வைத்துச் செய்வதாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். 2022 ஏப்ரல் 11 முதல் ஊடுருவல் சோதனைச் சேவை விற்பவர்களும், பாதுகாப்புக் கண்காணிப்பு மையச் சேவை விற்பவர்களும் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஎஸ்ஏவிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். சொந்த நிறுவனத்தைச் சொந்த ஊழியர்கள் சோதிப்பதற்கு அது தேவையில்லை. உரிமம் இருக்கிறதா என்று விலை கேட்கும் முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.

அனுமதிக் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. நாங்கள் பயன்படுத்துவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"கீழ்க்கண்ட ஏடபிள்யூஎஸ் கணக்குகள், அஷூர் சப்ஸ்கிரிப்ஷன்கள், கூகுள் புராஜெக்டுகளில் மட்டும், இன்ன தேதி காலை 10 மணி முதல் இன்ன தேதி மாலை 6 மணி வரை, இணைக்கப்பட்ட பட்டியலில் உள்ள தாக்குதல்களை ஓட்ட அனுமதிக்கிறேன். வாடிக்கையாளரின் உண்மையான தரவு எதுவும் திறக்கப்படாது. திறக்க நேர்ந்தால் அந்தக் கணமே நிறுத்தப்படும். நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இந்த இருவருக்கு உண்டு. அவர்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சோதனை நடக்கும்போது செயலி மெதுவானால், அது உங்களால்தானா இல்லையா என்று வாதாடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. முதலில் நிறுத்த வேண்டும், பேச்சு அப்புறம்.

உண்மைத் தரவு பற்றிய வரி வெறும் சம்பிரதாயம் இல்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் விவரம் கசிந்தால், அது தெரிவிக்க வேண்டிய கசிவு என்று முடிவான 3 நாட்களுக்குள் ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். ஒத்திகைக்காகப் போய் அப்படி ஒரு நிலைமையை நாமே உண்டாக்கிக்கொள்ளக் கூடாது.

கிளவுட் நிறுவனங்களின் விதிகள் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. அமேசான், அது பட்டியலிட்டிருக்கும் சேவைகளில் உங்கள் சொந்தக் கணக்கைச் சோதிக்க முன்அனுமதி கேட்பதில்லை. மைக்ரோசாஃப்ட் 2017 ஜூன் முதல் கேட்பதை நிறுத்திவிட்டது. கூகுளிடமும் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் புராஜெக்டைத் தாண்டி யாரையும் தொடாமல் இருந்தால் போதும். மூன்றுக்கும் பொதுவான தடை ஒன்று உண்டு: டிடாஸ் மாதிரி வெள்ளமாகக் கோரிக்கைகளை அனுப்பிப் பார்ப்பது. அதற்குத் தனி வழிமுறை இருக்கிறது. இந்த ஒத்திகையில் அதற்கு இடமே இல்லை.

யார் யாரை நம்புகிறார்கள்

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். மூன்று வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளுக்கும் நல்ல பூட்டு, இரும்புக் கதவு எல்லாம் இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டின் மாற்றுச்சாவி அடுத்த வீட்டுச் செருப்பு அலமாரியில் இருக்கிறது. பல கிளவுட் வைத்திருப்பவர்களின் நிலைமை பெரும்பாலும் இதுதான். ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகச் சோதித்தால் இது பிடிபடாது.

ஒரு பெரிய தாளை எடுத்து மூன்று வட்டம் போடுங்கள். ஒரு கிளவுடிலிருந்து இன்னொன்றுக்குள் எதெல்லாம் நுழைய முடியுமோ அதற்கெல்லாம் அம்புக்குறி போடுங்கள். நினைவிலிருந்து போடாதீர்கள், கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு போடுங்கள். ஏடபிள்யூஎஸ்ஸில், யார் எதைச் செய்யலாம் என்று தீர்மானிக்கும் ஐஏஎம் சேவையின் கிரெடென்ஷியல் ரிப்போர்ட்டை இறக்கினால் ஒவ்வோர் அக்சஸ் கீயும் (நிரல்கள் உள்நுழையும் சாவி) கடைசியாக எப்போது, எந்த ரீஜனில் (தரவு மையங்கள் இருக்கும் வட்டாரம்), எந்தச் சேவைக்குப் பயன்பட்டது என்று தெரியும். ரோல்களின் (தற்காலிகமாக அணியும் அதிகார வேடங்கள்) டிரஸ்ட் பாலிசியையும், அதாவது யார் அணியலாம் என்ற விதியையும், வெளியிலிருந்து நுழைய நம்பப்படும் ஓஐடிசி புரொவைடர் பட்டியலையும் பாருங்கள். என்ட்ராவில் ஆப் ரெஜிஸ்ட்ரேஷன் (செயலிகளின் பதிவு) ஒவ்வொன்றையும் திறந்து, சீக்ரெட் (செயலியின் கடவுச்சொல்) எத்தனை, எப்போது காலாவதி என்று பாருங்கள். கூகுளில், நிரல்களுக்கான கணக்கான சர்வீஸ் அக்கவுண்டின் கீகளும், வெளியிலுள்ள நிரல்களைக் கீ இல்லாமல் உள்ளே விடும் வொர்க்லோட் ஐடென்டிட்டி பூல்களும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் இரண்டு இடம் தப்பிவிடும். ஒன்று, மென்பொருளை உருவாக்கி அனுப்பும் சிஐ பைப்லைன். மூன்று கிளவுடுக்கும் சாவி வைத்திருப்பது பெரும்பாலும் அதுதான், ஆனால் படத்தில் அதை யாரும் வரைய மாட்டார்கள். ஏடபிள்யூஎஸ் ரோல் ஒன்று கிட்ஹப் ஆக்ஷன்ஸை (அப்படி ஒரு பைப்லைன்) நம்புகிறது என்றால், டிரஸ்ட் பாலிசியில் எந்த ரெப்போ (நிரல் களஞ்சியம்), எந்தக் கிளை என்ற நிபந்தனை இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் படியுங்கள். இரண்டாவது, கிளவுடில் என்னென்ன உருவாக்கினோம் என்று டெராஃபார்ம் கருவி எழுதி வைக்கும் ஸ்டேட் கோப்பு. அதில் கடவுச்சொற்கள் அப்படியே எழுத்தாக உட்கார்ந்திருக்கும். அந்தக் கோப்பு எந்தப் பக்கெட்டில் (கிளவுடின் கோப்புக் கிடங்கு) இருக்கிறது, அதை யார் யார் படிக்கலாம் என்று பாருங்கள்.

எங்கள் தாளில் தரவுப் பிரிவின் ஒரு அம்பு எல்லோரையும் நிமிர வைத்தது. ஏடபிள்யூஎஸ்ஸில் ஓடும் ஒரு லாம்ப்டா (தேவைப்படும்போது மட்டும் ஓடும் சிறு நிரல்), ஒவ்வொரு இரவும் முன்பதிவு விவரங்களைப் பிக்குவெரிக்குத் தள்ளுகிறது. அதற்கான கூகுள் சர்வீஸ் அக்கவுண்ட் கீ, லாம்ப்டாவின் அமைப்பிலேயே, என்விரான்மென்ட் வேரியபிளில். அந்த லாம்ப்டாவின் அமைப்பைப் பார்க்க முடிந்த எவரும் கூகுளுக்குள் போகலாம். 2024 மே 3க்குப் பிறகு தொடங்கிய கூகுள் ஆர்கனைசேஷன்களில் இப்படிக் கீ உருவாக்குவது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பே இருப்பவர்கள் தாங்களேதான் தடுத்துக்கொள்ள வேண்டும்.

கதை ஒன்று எழுதுங்கள்

அம்புகள் கிடைத்துவிட்டால் தாக்குதல் கதை தானாக வரும். முதல் படியை, அதாவது ஃபிஷிங் மின்னஞ்சலில் யார் விழுவார்கள் என்பதை, நான் சோதிப்பதே இல்லை. யாரோ ஒருவர் விழுவார். அதனால் 'ஒரு டெவலப்பரின் உலாவியிலிருந்து செஷன் குக்கி (ஏற்கெனவே உள்நுழைந்ததற்கான அடையாளம்) திருடு போய்விட்டது' என்று வைத்துக்கொண்டு ஆரம்பிப்போம். குக்கியால் என்ட்ராவுக்குள் நுழைவான். அங்கிருந்து சிங்கிள் சைன்-ஆன் (ஒருமுறை நுழைந்தால் மற்றவையும் திறக்கும் வசதி) வழியாக ஏடபிள்யூஎஸ்ஸுக்கு. அங்கே லாம்ப்டாவின் அமைப்பைப் படித்து கூகுள் கீயை எடுப்பான். அதை வைத்து பிக்குவெரிக்குள் போய் ஒரு அட்டவணையை வெளியே நகலெடுப்பான். போகும் வழியில் திரும்பி வருவதற்கு வசதியாக ஒரு பயனரையும் உருவாக்கி வைப்பான்.

இது கற்பனை மட்டும் இல்லை. 2019இல் அமெரிக்காவில் கேப்பிட்டல் ஒன் வங்கியில் நடந்ததும் இப்படி ஒரு சங்கிலிதான், ஒரே கிளவுடுக்குள். சர்வரை ஏமாற்றி 169.254.169.254 என்ற, இயந்திரம் தன் விவரங்களைப் பெறும் மெட்டாடேட்டா முகவரியைக் கேட்க வைத்து, அந்த இயந்திரத்தின் தற்காலிகச் சாவியை எடுத்து, பக்கெட்டுகளை ஒருவர் அள்ளினார். அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் அமேசான் இந்த ஏமாற்றைக் கடினமாக்கும் வகையில் அந்த மெட்டாடேட்டா சேவையின் இரண்டாவது பதிப்பை வெளியிட்டது. உங்களிடம் இன்னும் முதல் பதிப்பை ஏற்கும் இயந்திரங்கள் இருந்தால் கதையில் அதையும் ஒரு படியாகச் சேருங்கள்.

ஒவ்வொரு படிக்கும் தாக்குதல் முறைகளைப் பட்டியலிடும் மைட்டர் அட்டாக் கிளவுட் அட்டவணையில் ஒரு எண் இருக்கும். குறித்து வையுங்கள், அறிக்கை எழுதும்போது உதவும். அட்டவணையின் எல்லாக் கட்டங்களையும் நிரப்ப வேண்டும் என்ற ஆசை மட்டும் வேண்டாம். கலர் கலராக நிரப்பிய அட்டவணையைப் பார்த்து மேலாளர் சந்தோஷப்படுவார், திருடனும் சந்தோஷப்படுவான்.

கதையின் முடிவில் திருட ஏதாவது இருக்க வேண்டுமே, அதற்குப் பொய்த் தரவு தயாரிக்க வேண்டும். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம், ஐஎஸ்ஓ 6346 கணக்குப்படி முந்தையவற்றிலிருந்து வருவது. ஒத்திகை அட்டவணையில் எல்லா எண்களிலும் அந்தக் கடைசி இலக்கத்தை வேண்டுமென்றே தப்பாக வைத்தோம். எங்கே போய்ச் சேர்ந்தாலும் இது பொய்த் தரவு என்று ஒரு வரி ஸ்கிரிப்ட் சொல்லிவிடும். தவறி உண்மையான முன்பதிவு அமைப்புக்குள் போனாலும் அது ஏற்காது. உங்கள் தொழிலிலும் இப்படிச் சரிபார்ப்பு இலக்கம் உள்ள எண் ஒன்று இருக்கும். அடையாள அட்டை எண்ணை மட்டும் தொடாதீர்கள். சும்மா உருவாக்கியது கூட யாரோ ஒருவருடைய உண்மையான எண்ணாகிவிடலாம்.

எங்கே அடிப்பது, எதை வைத்து அடிப்பது

தனிச் சோதனைக் கணக்கு ஒன்று வேண்டும். ஆனால் அது நிறுவனத்தின் அதே ஆர்கனைசேஷனுக்குள், அதே லாக் குழாயில் (நடந்ததைப் பதியும் லாக்குகள் கண்காணிப்புக்குப் போகும் வழி), அதே அலர்ட் விதிகளின் கீழ் இருக்க வேண்டும். தனித்தீவாக ஒரு கணக்கைத் திறந்து அங்கே அடித்தால் கருவி வேலை செய்கிறது என்று மட்டும்தான் தெரியும்.

கருவிக்குக் காசு கொடுக்க வேண்டாம். டேட்டாடாக் நிறுவனத்தார் திறந்த மூலமாக வெளியிட்டிருக்கும் ஸ்ட்ராட்டஸ் ரெட் டீம் மூன்று கிளவுடுக்கும், செயலிகளை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸுக்கும் தாக்குதல்களை வைத்திருக்கிறது. வார்ம்அப் என்று சொன்னால் தேவையான பொருட்களை உருவாக்கும். டெட்டனேட் என்றால் தாக்குதலை நடத்தும். கிளீன்அப் என்றால் உருவாக்கியதைத் துடைக்கும். உதாரணமாக, ஏடபிள்யூஎஸ் கணக்கில் நடப்பதைப் பதியும் கிளவுட்டிரெய்லை நிறுத்தும் தாக்குதல், முதலில் தானே ஒரு டிரெய்லை உருவாக்கி அதைத்தான் நிறுத்தும். உங்கள் உண்மையான டிரெய்லில் கை வைக்காது. இதைவிட ஆழமாக ஏடபிள்யூஎஸ்ஸுக்குள் துருவ வேண்டுமானால் பாக்கு என்ற கருவி இருக்கிறது. ஆனால் அது கை தேர்ந்தவர்களுக்கு. முதல் சுற்றிலேயே எடுக்க வேண்டாம்.

கிளவுடுகளுக்கு இடையே தாவும் படிகளை எந்தக் கருவியும் உங்களுக்காக எழுதித் தராது. அந்த அம்பு உங்கள் வீட்டில் மட்டும் இருப்பது. அவற்றைக் கையால் செய்யுங்கள்: சோதனைக் கணக்கில் அதே மாதிரி ஒரு லாம்ப்டா, அதற்குள் சோதனை புராஜெக்டின் கீ, அவ்வளவுதான்.

அடிக்கும் நாளில்

முதல் சுற்றை எல்லோருக்கும் சொல்லிவிட்டு நடத்துங்கள். கண்காணிப்பவர்களை ஏமாற்றிப் பார்ப்பதில் சிலருக்கு ஒரு குஷி. எனக்கு அது பிடிக்காது. விதிகளே வேலை செய்கின்றனவா என்று தெரியாதபோது மனிதர்களைச் சோதித்து என்ன பயன்? இரண்டாம் சுற்றில், நிறுத்தச் சொல்லும் அதிகாரமுள்ள அந்த இருவருக்கு மட்டும் சொன்னால் போதும்.

ஒவ்வொரு படிக்கும் ஐந்து நேரங்களைக் குறியுங்கள்: அடித்தது, லாக் வந்தது, அலர்ட் எழுந்தது, ஆள் பார்த்தது, வழி அடைக்கப்பட்டது. எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்தில் எழுதுங்கள். கிளவுட் லாக்குகள் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நாம் 8 மணி நேரம் முன்னால். இரவு ஷிஃப்ட் கைமாறும் காலை 8 மணி, லாக்கில் நள்ளிரவாக, புதிய தேதியின் தொடக்கமாக இருக்கும். தேதி வாரியாகத் தேடுபவர்கள் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் தேட வேண்டும்.

ஏடபிள்யூஎஸ் சோதனைக் கணக்கில் நிர்வாக உரிமையுள்ள புதிய ஐஏஎம் பயனரை உருவாக்கும் படி வந்தது. அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். கிளவுட்டிரெய்ல் சாதாரணமாகச் சில நிமிடங்களில் லாக்கைத் தந்துவிடும். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

"அண்ணே, ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணும் இல்லம்மா. நீ நெஜமாவே அடிச்சியா?"

அடித்தது உண்மை. அலர்ட் விதி சிங்கப்பூர் ரீஜனில் எழுதப்பட்டிருந்தது. ஐஏஎம் என்பது உலகப் பொதுச் சேவை; நீங்கள் எங்கே இருந்து பயனரை உருவாக்கினாலும் அந்த நிகழ்வு வடக்கு வர்ஜீனியா ரீஜனில்தான் பதிவாகும். நிகழ்வைப் பார்த்து அலர்ட் எழுப்பும் ஈவென்ட்பிரிட்ஜ் விதியும் அங்கேதான் இருக்க வேண்டும். விதியைப் படித்துப் பார்த்தால் ஒரு தப்பும் தெரியாது. எழுத்துப் பிழை இல்லை, நிபந்தனை சரி, பச்சை விளக்கு எரிகிறது. அடித்தால்தான் தெரியும். உங்களிடம் ஏடபிள்யூஎஸ் இருந்தால் நாளைக்கே இந்த ஒன்றை மட்டுமாவது சோதியுங்கள்.

கிளவுட்டிரெய்லை நிறுத்திப் பார்ப்பதும் இப்படித்தான் ஒரு பாடம் எடுக்கும். ஏடபிள்யூஎஸ்ஸின் அபாய எச்சரிக்கைச் சேவையான கார்ட்டியூட்டி அதைக் கண்டுபிடித்துச் சொல்லும், ஆனால் 'லோ' என்ற தரத்தில். இரைச்சல் குறைய வேண்டும் என்று 'லோ' எல்லாவற்றையும் வடிகட்டி வைத்திருக்கும் அணிகள் எத்தனையோ. இதற்கு மாறாக, ஒரு இயந்திரத்தின் தற்காலிகச் சாவியை எடுத்து ஏடபிள்யூஎஸ்ஸுக்கு வெளியே இருந்து பயன்படுத்தும் தாக்குதல் 'ஹை' என்று வரும். இரண்டையும் ஒரே நாளில் அடித்து எது திரைக்கு வருகிறது என்று பாருங்கள்.

கதையின் கடைசிப் படி, அதாவது தரவை எடுப்பது, மூன்று கிளவுடிலும் ஒரே பள்ளத்தைக் காட்டும். அமைப்பை மாற்றும் செயல்கள் எல்லாம் இயல்பாகவே பதிவாகும். தரவைப் படிப்பது பதிவாகாது. ஏடபிள்யூஎஸ்ஸின் எஸ்3 பக்கெட்டிலிருந்து கோப்பு எடுத்தால் கிளவுட்டிரெய்ல் டேட்டா ஈவென்ட்டை நீங்கள் இயக்கியிருந்தால்தான் தெரியும். அஷூர் ஸ்டோரேஜுக்கு டயக்னாஸ்டிக் செட்டிங் போட வேண்டும். கூகுளில் டேட்டா அக்சஸ் லாக் அணைந்திருக்கும். பிக்குவெரி மட்டும் விதிவிலக்கு, அங்கே எப்போதும் இயங்கும். கூகுளில் ஒரு சர்வீஸ் அக்கவுண்டாக வேடம் போட்டு டோக்கன் (தற்காலிக நுழைவுச் சீட்டு) வாங்குவதும் இந்த அணைந்திருக்கும் வகைதான். எல்லாவற்றையும் இயக்கிவிடலாம் என்றால் பில் எகிறிவிடும். எந்தப் பக்கெட் பறிபோனால் நிறுவனம் செய்தித்தாளில் வருமோ, அதற்கு மட்டுமாவது இயக்குங்கள்.

என்ட்ராவில் ஒரு நுணுக்கம். மனிதர்கள் உள்நுழையும் லாக் வேறு, ஆப்கள் உள்நுழையும் சர்வீஸ் பிரின்சிபல் லாக் வேறு. முன்னதைக் கண்காணிப்பு மையத்துக்கு அனுப்பிவிட்டுப் பின்னதை மறந்துவிடுவது சகஜம். சோதனை ஆப் ஒன்றுக்குப் புதிய சீக்ரெட் சேர்த்து, அதை வைத்து உள்நுழைந்து பாருங்கள். சேர்த்ததும் தெரிய வேண்டும், நுழைந்ததும் தெரிய வேண்டும்.

ஒரே ஆள், மூன்று பெயர்

தனித்தனி அலர்ட்டுகள் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். திரையில் மூன்று அலர்ட் இருந்தது. என்ட்ராவில் ஒரு மின்னஞ்சல் முகவரி. ஏடபிள்யூஎஸ்ஸில் ஒரு ரோலும் அதன் வாலில் ஒரு செஷன் பெயரும். கூகுளில் ஒரு சர்வீஸ் அக்கவுண்ட். மூன்றும் ஒரே திருடன் என்று திரை சொல்லாது. அமேசானில் சைன்-ஆன் வழியாக வரும்போது செஷன் பெயரில் பயனர் பெயர் இருப்பதால் முதல் இரண்டை இணைக்கலாம். திருடிய கீயோடு கூகுளுக்குள் போகும் கணத்தில் நூல் அறுந்துவிடும். அங்கே மிச்சம் இருப்பது ஐபி முகவரி மட்டும்.

அதனால் அந்த லாம்ப்டா எந்த ஐபிகளிலிருந்து கூகுளுக்குப் பேச வேண்டும் என்று எழுதி வைத்து, வேறு எங்கிருந்து அந்த அக்கவுண்ட் பயன்பட்டாலும் அலர்ட் எழும்படி விதி போட்டோம். நிரந்தரத் தீர்வு, அந்தக் கீயையே ஒழித்துவிட்டு வொர்க்லோட் ஐடென்டிட்டி ஃபெடரேஷனுக்கு மாறுவது. அப்போது திருட ஒரு கோப்பே இருக்காது. கூகுள் லாக்கிலும் எந்த ஏடபிள்யூஎஸ் ரோல் வந்தது என்ற தடயம் கிடைக்கும்.

தெரிந்தும் மேலே போய்ச் சேராத தகவலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரின் பொது மருத்துவக் குழுமமான சிங்ஹெல்த்துக்குள் நடந்த ஊடுருவல் கிளவுடில் நடந்தது அல்ல. ஆனாலும் 2019 ஜனவரியில் வெளியான விசாரணைக் குழு அறிக்கையை ஒத்திகை நடத்தும் ஒவ்வொருவரும் படிக்கலாம். 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை 15 லட்சம் நோயாளிகளின் விவரம் வெளியே போனது. சந்தேகத்துக்குரிய அறிகுறிகளை ஊழியர்கள் பார்த்தார்கள். அதை உரிய நேரத்தில் உரியவரிடம் கொண்டுபோகவில்லை. உங்கள் ஐந்து நேரங்களில் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் இந்த விஷயம். நாங்கள் அங்கே ஒரு கேள்வியும் சேர்த்துக் குறிக்கிறோம்: பார்த்தவர் யாருக்குப் போன் செய்தார், அவர் எடுத்தாரா?

சாவியைப் பிடுங்குவது

பலரும் ஒத்திகையை அலர்ட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வெட்டிவிடும் வேலையையும் செய்து பாருங்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. என்ட்ராவில் பயனரை முடக்கிவிட்டு நிம்மதியாக இருந்தால், கையில் ஏற்கெனவே இருக்கும் அக்சஸ் டோக்கன் சாதாரணமாக ஒரு மணி நேரத்துக்கு மேலும் வேலை செய்யலாம். செஷன்களையும் ரத்து செய்ய வேண்டும். அதற்குள் அவன் ஏடபிள்யூஎஸ்ஸுக்குள் போயிருந்தால் அங்கே அவனுக்குத் தனிச் செஷன். அமைப்பைப் பொறுத்து 12 மணி நேரம் வரை கூட அது நிற்கும், என்ட்ராவில் என்ன செய்தாலும் அதற்குத் தெரியாது. அந்த ரோலில், இன்ன நேரத்துக்கு முன் வாங்கிய செஷன் எல்லாவற்றையும் மறுக்கும் பாலிசியைப் போட வேண்டும்.

கூகுளில் இன்னும் நுட்பம். திருடு போன கீயை அழித்தால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்தக் கீயை வைத்து ஏற்கெனவே வாங்கிய டோக்கன் அதனால் சாகாது, காலாவதியாகும் வரை உயிரோடு இருக்கும். உடனே நிறுத்த வேண்டுமானால் சர்வீஸ் அக்கவுண்டையே முடக்க வேண்டும். முடக்கினால் அன்றிரவு பிக்குவெரிக்குத் தரவு போகாது, காலையில் தரவுப் பிரிவு கத்தும். அந்த முடிவை இரவு 2 மணிக்கு ஷிஃப்டில் இருப்பவர் தனியாக எடுக்கலாமா கூடாதா என்று பகலிலேயே எழுதி வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் முதல் சுற்றில் கிடைத்த ஆகப் பயனுள்ள ஆவணம் அந்த அரைப் பக்கம்தான்.

துடைப்பதும் திரும்ப அடிப்பதும்

கிளீன்அப் ஓட்டிய பிறகும் கண்ணால் பாருங்கள். ஒத்திகைக்காக உருவாக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரே டேக் போட்டிருந்தால் தேடுவது எளிது. டேக் போட முடியாத பொருட்களுக்குப் பெயரின் முன்னால் ஒரே சொல். என்ட்ராவில் அழித்த ஆப் 30 நாள் மீட்கக்கூடிய நிலையில் கிடக்கும், கூகுள் புராஜெக்டும் அப்படியே. அலர்ட்டை அடக்க தற்காலிகமாகப் போட்ட விதிவிலக்குகள் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. அடுத்த மாத பில்லையும் ஒரு பார்வை.

அறிக்கை ஒரு பக்கம் போதும்: கதை, ஐந்து நேரங்கள், எது தெரியவில்லை, யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்கிறார்கள். இரவு ஷிஃப்டில் இருந்தவரின் பெயரை எழுதாதீர்கள்.

சரிசெய்தாகிவிட்டது என்று டிக்கெட் மூடப்பட்டால் அதே தாக்குதலை அதே கட்டளையால் மறுபடி அடியுங்கள். அலர்ட் வந்தால் மட்டும் டிக்கெட் மூடலாம் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து தாக்குதல்களை ஸ்கிரிப்டாக்கி, சோதனைக் கணக்கில் வாராவாரம் தானாக ஓட வைத்திருக்கிறோம். அலர்ட் வராவிட்டால்தான் எங்களுக்குச் செய்தி வரும். யாராவது லாக் குழாயில் கை வைத்தால் அந்த வாரமே தெரிந்துவிடுகிறது.

முழுக் கதையையும் சொல்லாமல் அடிக்கும் சுற்றுக்குத் தேதி தேடுகிறவர்கள், சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள் பிற்பகலை யோசிக்கலாம். பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள், மற்றவர்கள் கிளம்பிக்கொண்டிருப்பார்கள், புதிய மென்பொருள் எதுவும் வெளியிடக் கூடாது என்று தடையும் போட்டிருப்பார்கள். நிறுத்தச் சொல்லும் அதிகாரமுள்ள அந்த இருவரும் ஊரில் இருக்கிறார்களா, போன் இயங்குகிறதா என்று மட்டும் காலையிலேயே ஒருமுறை அழைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.